காணாமல்போன மடல்கள்: ஒரு புல்லட்டின் போர்டில் கண்ட்ரோல் விசைகள் மோதிக்கொண்ட நிகழ்வு

எதைப் பற்றிய பதிவு இது

கனடாவில் ஒருவர் தன் வீட்டிலிருந்தே நடத்திவரும் சிறிய புல்லட்டின் போர்டில், அதாவது உறுப்பினர்கள் கணினி வழியாக நுழைந்து மடல்களை வாசித்தும் எழுதியும் வரும் பலகையில், மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதிய நீண்ட மடல்கள் அடுத்தடுத்துக் காணாமல்போயின. காரணத்தைக் கண்டுபிடித்த விதம், எடுத்த முடிவுகள், அவற்றால் வந்த புதிய சிக்கல், இன்னும் தீராத மிச்சம் ஆகியவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அந்தப் பலகையில் நான் உதவி நடத்துநர். ஆட்களின் பெயரும் பலகையின் பெயரும் இதில் இல்லை. எழுதப்போகும் விஷயங்களை அந்த உறுப்பினரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற்றிருக்கிறேன்.

பழைய முறையில் இயங்கும் பலகைகளை நடத்துவோருக்கும், முனையத் திரையில் (தொலைவிலுள்ள கணினியோடு எழுத்துகளால் பேசும் திரையில்) எழுதும் கருவிகளை அமைப்போருக்கும் இது பயன்படலாம். பயனாளர் தவறான விசையை அழுத்திவிட்டார் என்ற ஒரே வரியில் இத்தகைய முறையீடுகள் மூடப்பட்டுவிடுகின்றன. அந்த வரி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதை நேரில் பார்த்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

முதல் புல்லட்டின் போர்டை வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூயஸும் 1978 பிப்ரவரியில் சிகாகோவில் தொடங்கினார்கள். தொலைபேசியில் மோடம் வழியாக ஒருவர் அழைப்பார், மடல்களை வாசிப்பார், தன் மடலை எழுதி வைப்பார், இணைப்பைத் துண்டிப்பார், அதன்பின் அடுத்தவர் நுழைவார். அதே 1978-இல்தான் வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியும் விற்பனைக்கு வந்தது. அன்றைய முனையங்கள் பலவற்றில் அம்பு விசைகளே கிடையாது. ஆகவே கண்ட்ரோல் விசையோடு ஈ, எஸ், டி, எக்ஸ் என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து மேல், இடம், வலம், கீழ் என்று நகரும் முறையை வேர்ட்ஸ்டார் வகுத்தது. விசைப்பலகையில் அந்த நான்கும் வைர வடிவில் அமைந்திருப்பதால் விரல்கள் இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை. டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியின் எடிட்டரும், அதாவது உரையை எழுதித் திருத்தும் பகுதியும், இதே விசைகளைக் கொண்டிருந்தது. பலகைகளுக்கென எழுதப்பட்ட முழுத்திரை எடிட்டர்கள் பலவும் இவற்றையே ஏற்றுக்கொண்டன.

எங்கள் பலகையிலும் நீண்ட காலம் அப்படியொரு எடிட்டர்தான், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தது, இருந்தது. இந்த நிகழ்வின் மையத்தில் உள்ள உறுப்பினர் சரக்கு ரயில் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதைக் கடந்தவர். வேர்ட்ஸ்டாரில் தட்டச்சுப் பழகிய அவர் அம்பு விசைகளைத் தொடுவதே இல்லை. யார்டு வேலையைப் பற்றி, பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் முறையைப் பற்றி, கைவிளக்குச் சைகைகளைப் பற்றி அவர் எழுதிய தொடர் மடல்களே எங்கள் பலகையில் அதிகம் வாசிக்கப்பட்டவை. வெளியே வேறெங்கும் எழுதப்படாத விவரங்கள் அவை. அவர் எழுத்து நின்றுபோனால் அந்த விவரங்களும் நின்றுபோகும். இந்த விவகாரத்தை நாங்கள் சிறியதாக எண்ணாததற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

ஒரே குளிர்காலத்தில் இரண்டு மாற்றங்கள்

பலகை இயங்கிவந்த கணினி பழுதாகி, 64 பிட் விண்டோஸ் கொண்ட புதிய கணினி வந்தது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல்கள் ஓடாது. பழைய எடிட்டரைப் பழைய கணினிபோல் நடிக்கும் தனிப் போலிச்சூழலில் ஓட்டலாம் என்றாலும் அது அடிக்கடி தொங்கியது. எனவே நடத்துநர் திறமூல எடிட்டர் (நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடியது) ஒன்றை நிறுவினார். அதில் கண்ட்ரோல்-இசட் மடலைச் சேமித்து வெளியிடும், கண்ட்ரோல்-ஏ மடலைக் கைவிடும். திரையின் அடிவரியில் இவை எழுதப்பட்டிருந்தன.

அதே குளிர்காலத்தில் அந்த உறுப்பினரின் வீட்டுக் கணினியும் ஓய்ந்தது. அவருடைய மகள் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுத்து, எங்கள் பலகையின் இணையப் பக்கத்திலேயே இருக்கும் பிரவுசர் முனையத்தை அமைத்துத் தந்தார். எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம், பக்கத்தைத் திறந்தால் போதும் என்பதால் அது வசதியாகத் தெரிந்தது. அதுவரை அவர் தனி டெர்மினல் நிரல் ஒன்றைப் பயன்படுத்திவந்தார். அழுத்திய கண்ட்ரோல் விசை எதுவானாலும் அதை அந்த நிரல் அப்படியே பலகைக்கு அனுப்பிவிடும்.

இரண்டு மாற்றங்களும் சில வார இடைவெளியில் நடந்தன. ஒன்று எங்கள் பக்கம், மற்றொன்று அவர் பக்கம். பின்னால் காரணத்தைப் பிரித்தறிவதைக் கடினமாக்கியது இதுதான்.

முறையீடு

முதலில் வந்தது முறையீடே அல்ல. அவருடைய தொடரில் ஒரு மடல் பாதி வாக்கியத்தில் முடிந்திருந்தது. வாசித்தவர்கள் அவர் களைத்துப் படுத்துவிட்டார் போலும் என்று நினைத்தார்கள். அடுத்த சில வாரங்கள் எதுவும் வரவில்லை. பிறகு நடத்துநருக்குத் தனி மடல் ஒன்று வந்தது. மூன்று வகையான தொல்லைகளை அதில் அவர் விவரித்திருந்தார். சில நேரம் மடல் தானாகவே வெளியாகிவிடுகிறது. சில நேரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் மறைந்து பட்டியலுக்குத் திரும்பிவிடுகிறது. சில நேரம் ஜன்னலே மூடிக்கொள்கிறது. இடையிடையே திரை உறைந்துபோவதும் உண்டு என்று கடைசியில் சேர்த்திருந்தார். தனக்கு வயதாகிவிட்டது, கை தடுமாறுகிறது போலும் என்று அந்த மடலை முடித்திருந்தார்.

இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. அமைப்பின் கோளாறைத் தன் முதுமை என்று நம்பி ஒருவர் ஒதுங்கிக்கொண்டால் அந்தக் கோளாறு ஒருபோதும் வெளியே வராது.

முதல் முடிவு: விசை அட்டை

நடத்துநர் எடுத்த முதல் முடிவு இயல்பானது. புதிய எடிட்டரின் விசைகளை ஒரு பக்கத்தில் தொகுத்து அவருக்கு அனுப்பினார். அவரும் அதை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் இன்னொரு மடல் தொலைந்தது.

அட்டை பயன்படாததற்குக் காரணம் அவர் அதைப் படிக்காததல்ல. கேட்டபோது எந்த விசை என்ன செய்யும் என்று ஒப்பித்தார். ஆனால் எழுதும்போது கவனம் யார்டில் இருக்கிறது, விசையில் இல்லை. முந்தைய சொல்லைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் எழுவதற்குள் விரல் கண்ட்ரோல்-ஏவை அழுத்திவிடுகிறது. பல்லாண்டுகள் சைக்கிள் ஓட்டியவரிடம் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி எதிர்ப்பக்கம் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது எவ்வளவு உதவுமோ, விசை அட்டையும் அவ்வளவுதான் உதவியது.

பதிவேட்டில் கண்டவை

அதன் பிறகு இதைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பலகையின் பதிவேட்டில் ஒவ்வொரு உறுப்பினரும் எடிட்டருக்குள் நுழைந்த நேரமும் வெளியேறிய விதமும் இருக்கும். அவருடைய தொலைந்த மடல்களை அதில் தேடினேன். ஒரே நோயாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் மூன்று வெவ்வேறு முடிவுகள் இருந்தன. சில அமர்வுகள் மடல் சேமிக்கப்பட்டது என்று முடிந்தன, அவை பாதியில் வெளியானவை. சில மடல் கைவிடப்பட்டது என்று முடிந்தன. மற்றவை இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று முடிந்தன.

காரணங்கள் வேறு வேறு என்பது அப்போதே உறுதியானது. ஆனால் எந்த விசை எதைச் செய்தது என்பது பதிவேட்டில் இல்லை.

அடுத்துச் செய்ததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலகை நடத்துநரால் எந்த உறுப்பினரின் திரையையும் உடனிருந்து பார்க்க முடியும். இத்தகைய மென்பொருளில் அது வழக்கமான வசதி. அவரிடம் கேட்காமல் அதைச் செய்ய நாங்கள் விரும்பவில்லை. தொலைபேசியில் அழைத்து, ஒரு சோதனைப் பகுதியில் மட்டும் அவர் எழுதுவதைப் பார்க்கவும், அந்தப் பகுதியில் வரும் கண்ட்ரோல் குறிகளை எண்களாகப் பதியவும் அனுமதி கேட்டோம். அவர் ஒப்புக்கொண்டார். வழக்கம்போல யார்டைப் பற்றியே எழுதுமாறு கேட்டுக்கொண்டோம். சோதனை என்று வெறும் சொற்களைத் தட்டினால் விரல்கள் எச்சரிக்கையாகிவிடும், உண்மையான பழக்கம் வெளிப்படாது.

பதிவான எண்களில் 1, 19, 26 ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. அவை கண்ட்ரோல்-ஏ, கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-இசட். ஜன்னல் மூடிக்கொண்ட அமர்வில் மட்டும் கடைசியாக எந்தக் கண்ட்ரோல் குறியும் வரவில்லை. எழுத்துகள் வந்துகொண்டிருந்தன, பிறகு இணைப்பு அறுந்தது. தொலைபேசியில் அவர், மேலே எழுதியதைப் பார்க்கத் திரையை நகர்த்தினேன் என்றார். எந்த விசையால் என்று கேட்டோம். கண்ட்ரோல்-டபிள்யூ. அதன் எண் 23. அந்த 23 எங்களை வந்தடையவே இல்லை.

விரலுக்கும் எடிட்டருக்கும் நடுவே

கண்ட்ரோல் விசையோடு ஓர் எழுத்தைத் தட்டினால் கம்பியில் போவது வெறும் எண்தான். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அந்த எழுத்துக்குரிய எண்ணின் மேல் இரு பிட்கள் (இரும இலக்கங்கள்) நீங்கி, 1 முதல் 26 வரையில் ஏதோ ஒன்று மிஞ்சும். நகர்த்து, சேமி, கைவிடு என்ற பொருள் எதுவும் அதில் இல்லை. பெறுபவர் தருவதுதான் பொருள். வழியில் பல பெறுநர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே சிக்கல்: இயங்குதளம், பிரவுசர், அதற்குள் ஓடும் முனைய நிரல், பலகை மென்பொருள், கடைசியாக எடிட்டர். முன்னால் நிற்பவர் எடுத்துக்கொண்டால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் கிடைக்காது.

கண்ட்ரோல்-டபிள்யூ வேர்ட்ஸ்டாரில் திரையை ஒரு வரி நகர்த்தும். பிரவுசரில் அது பக்கம் திறந்திருக்கும் தாவலை மூடும். பிரவுசர் தனக்கென ஒதுக்கிக்கொண்ட விசைகளை, சாதாரணத் தாவலில் ஓடும் பக்கத்தின் நிரலால் தடுக்க முடியாது. தாவலை மூடும் விசை, புதிய தாவலைத் திறக்கும் விசை, புதிய ஜன்னலைத் திறக்கும் கண்ட்ரோல்-என் ஆகியவை அப்படிப்பட்டவை. தீய பக்கம் ஒன்று தன்னை மூடவிடாமல் செய்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. நியாயமான பாதுகாப்புதான், ஆனால் முனையத்தில் எழுதுபவருக்கு அது பொறியாகிவிடுகிறது.

கண்ட்ரோல்-எஸ் வேறு வகை. வேர்ட்ஸ்டாரில் ஒரு எழுத்து இடப்பக்கம் நகர்வது. ஆனால் எண் 19-க்கு அதைவிடப் பழைய பொருள் ஒன்று உண்டு: அனுப்புவதை நிறுத்து. எண் 17, அதாவது கண்ட்ரோல்-கியூ, மீண்டும் அனுப்பு என்பதைக் குறிக்கும். தொலைதட்டச்சு இயந்திரங்களின் காகித நாடா வாசிப்பானை நிறுத்தவும் ஓட்டவும் பயன்பட்ட குறிகள் இவை. பலகை மென்பொருள்கள் இந்தப் பொருளை இன்றும் காப்பாற்றி வருகின்றன, மடல் வேகமாக ஓடினால் நிறுத்தி வாசிக்க அது உதவும். பழைய எடிட்டர் குறிகளை நேரடியாக வாங்கிக்கொண்டதால் 19 அதற்குக் கிடைத்தது. புதிய அமைப்பில் பலகையே அதை எடுத்துக்கொண்டு திரையை நிறுத்தியது. உறைந்த திரை என்று அவர் சொன்னது இதைத்தான். கண்ட்ரோல்-கியூவை அழுத்தியிருந்தால் எல்லாம் உயிர்பெற்றிருக்கும். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திரை செத்துவிட்டது என்று நினைத்து அவரே ஜன்னலை மூடியிருக்கிறார். பதிவேட்டில் இணைப்புத் துண்டிப்பாக இருந்தவற்றில் சில இப்படி நேர்ந்தவை.

கண்ட்ரோல்-இசட் வேர்ட்ஸ்டாரில் திரையை மறுபக்கம் நகர்த்தும். புதிய எடிட்டரில் சேமித்து வெளியிடும். இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. டாஸுக்கு முந்தைய சிபிஎம் இயங்குதளத்தில் உரைக்கோப்பு முடியும் இடத்தை எண் 26 குறித்தது, டாஸிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது, எழுதி முடித்தேன் என்று சொல்ல அந்த விசையைப் பலகைகள் எடுத்துக்கொண்டன. அவர் மேலும் கீழும் பார்த்துத் திருத்த முயன்றபோதெல்லாம் மடல் பாதியில் வெளியானது.

எல்லாவற்றிலும் கொடியது கண்ட்ரோல்-ஏ. அவருக்கு அது முந்தைய சொல்லுக்குப் போகும் விசை, புதிய எடிட்டருக்குக் கைவிடும் விசை. எடிட்டர் எடுத்த எடுப்பிலேயே அழித்துவிடவில்லை, ஆமா இல்லையா என்று அடிவரியில் கேட்டது. அப்படியிருந்தும் மடல் எப்படிப் போனது என்பதைச் சோதனை அமர்வில் நேரிலேயே பார்த்தோம். ஒரு சொல் பின்னால் போய், அதற்கு முன் யார்டு என்ற ஆங்கிலச் சொல்லைச் செருக நினைத்தார். கண்ட்ரோல்-ஏ அழுத்தினார், கண் விசைப்பலகையில் இருந்ததால் கேள்வியைப் பார்க்கவில்லை, யார்டு என்று தட்டத் தொடங்கினார். அந்தச் சொல்லின் முதல் எழுத்து ஒய். ஆமா என்பதற்கு எடிட்டர் எதிர்பார்த்த எழுத்தும் அதுதான். மடல் போய்விட்டது.

ரயில் யார்டைப் பற்றி எழுதும் ஒருவரிடம் இது எத்தனை முறை நேர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒற்றை எழுத்தில் சம்மதம் கேட்கும் எந்தக் கேள்வியும், எழுதிக்கொண்டே இருக்கும் ஒருவரைப் பொறுத்தவரை கேட்கப்படாத கேள்விதான்.

வெளியே எழுதி ஒட்டும் முயற்சி

இடைக்கால ஏற்பாடாக, மடிக்கணினியின் எளிய எழுதுகருவியில் எழுதி, பிறகு பலகையில் ஒட்டலாம் என்று யோசனை சொன்னோம். அவர் முயன்றார். கண்ட்ரோல்-வி அழுத்தியபோது எதுவும் ஒட்டப்படவில்லை. அது எண் 22 ஆகப் பலகைக்குப் போய், செருகும் நிலையை மேலெழுதும் நிலையாக மாற்றியது. ஷிப்ட்-இன்சர்ட் வேலை செய்தது. ஆனால் ஒட்டப்படும் உரை பலகைக்குத் தட்டச்சாகவே போய்ச் சேர்கிறது. வரி முடிவில் வரும் இரண்டு குறிகளையும் எடிட்டர் தனித்தனி என்டராக எண்ணியதால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் வெற்று வரி விழுந்தது. வேகம் தாளாமல் சில எழுத்துகளும் உதிர்ந்தன. அவற்றையெல்லாம் திருத்த எடிட்டருக்குள் விசைகளை அழுத்த வேண்டியிருந்தது. தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றோம். இந்த வழியைக் கைவிட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எடிட்டர் திறமூலம் என்பதால் அதன் விசை அட்டவணையை மாற்ற முடிந்தது. முதல் முடிவு, கைவிடுவதற்கு எந்தக் கண்ட்ரோல் விசையும் வேண்டாம் என்பது. மடலைக் கைவிடுவது அரிதாகச் செய்யும் வேலை. அரிய வேலைக்கு விரைவுவிசை எதற்கு? எஸ்கேப் அழுத்தினால் வரும் பட்டியலுக்குள் அதை நகர்த்தினோம். அங்கேயும் ஒற்றை எழுத்து போதாது, முழுச் சொல்லைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். கேள்வி தோன்றுவதற்கு முன் தட்டப்பட்டுக் காத்திருக்கும் எழுத்துகளை எடிட்டர் முதலில் கொட்டிவிடும்.

கண்ட்ரோல்-இசட் இனி நேராக வெளியிடாது, முன்னோட்டம் காட்டிக் கேட்கும் என்று மாற்றினோம். இன்றைய இளையவர்களுக்கு அது செய்ததை மீட்கும் விசை என்பதும் இதில் ஒரு காரணம். 1984-இன் மேகிண்டாஷ் காலத்திலிருந்தே இசட் என்ற எழுத்து அந்தப் பணிக்கு உரியதாகிவிட்டது. ஒரே எண்ணுக்கு ஒருவர் நகர்வு என்கிறார், மற்றவர் சேமிப்பு என்கிறார், மூன்றாமவர் மீட்பு என்கிறார். அப்படிப்பட்ட விசையில் திரும்பப் பெற முடியாத எந்தச் செயலையும் வைக்கக் கூடாது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வரைவைக் கோப்பாகச் சேமிக்கும் வசதியைச் சேர்த்தோம். இணைப்பு எப்படி அறுந்தாலும், அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் முடிக்காத மடல் இருக்கிறது, தொடரலாமா என்று பலகை கேட்கும். என் பார்வையில் மற்ற எல்லா மாற்றங்களையும்விட முக்கியமானது இதுதான். விசை மோதல்களை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்த்தாலும் நாம் எண்ணாத ஒன்று மிஞ்சவே செய்யும். மின்சாரம் போவதை எந்த விசை அட்டவணையாலும் தடுக்க முடியாது.

எடிட்டர் திறந்திருக்கும் நேரத்தில் 19 என்ற குறியைப் பலகை பிடித்துக்கொள்ளாமல் எடிட்டருக்கே விட்டுவிடச் செய்தோம். மடல் வாசிக்கும் பகுதிகளில் அதன் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

கண்ட்ரோல்-டபிள்யூவை எங்களால் வாங்க முடியவில்லை. ஆனால் பக்கத்தை மூடும் முன் உறுதி கேட்குமாறு பிரவுசரைப் பணிக்க முடியும். அதைச் செய்தோம். கூடவே, தனி டெர்மினல் நிரல் ஒன்றை நிறுவித் தருமாறு அவருடைய மகளைக் கேட்டுக்கொண்டோம்.

எதிர்ப்பு

மாற்றங்களை அறிவித்ததும் நீண்டகால உறுப்பினர்கள் சிலர் கோபப்பட்டார்கள். கண்ட்ரோல்-இசட் அழுத்தி ஒரே தட்டில் மடலை வெளியிட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஒருவருடைய பழக்கத்துக்காக எங்கள் பழக்கத்தை உடைக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுடைய விரல்களுக்கும் அதே மரியாதை உண்டு.

ஆகவே ஒரே அட்டவணையை எல்லோர் மீதும் சுமத்தும் எண்ணத்தை விட்டோம். உறுப்பினர் அமைப்பில் விசைத் தொகுதி என்ற தேர்வைச் சேர்த்தோம். வேர்ட்ஸ்டார் வகை, பலகை வகை, இன்றைய வகை என மூன்று. பலகை வகையில் கண்ட்ரோல்-இசட் பழையபடி உடனே வெளியிடும். கைவிடுதல் மட்டும் மூன்றிலும் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. அதில் நாங்கள் இறங்கிவரவில்லை, கேட்டவர்களும் பிறகு வற்புறுத்தவில்லை.

தொகுதிகளை வகுக்கும்போது ஒரு வரம்பு இடித்தது. 26 குறிகள் இருப்பதாகத் தோன்றினாலும் அத்தனையும் கைக்கு வராது. கண்ட்ரோல்-எம் என்பது என்டர், கண்ட்ரோல்-ஐ என்பது டேப், கண்ட்ரோல்-எச் என்பது பேக்ஸ்பேஸ். அவற்றைப் பலகையால் பிரித்தறிய முடியாது. கண்ட்ரோலோடு ஷிப்டைச் சேர்த்தாலும் போகும் எண் மாறாது. புதிய வேலை ஒன்றைச் சேர்க்க நினைக்கும்போதெல்லாம் வேறொரு விரலின் இடத்தைப் பறிக்க வேண்டியிருந்தது. எஸ்கேப் பட்டியல் நீண்டதற்குக் காரணம் அதுதான்.

பின்விளைவு

அவர் வேர்ட்ஸ்டார் தொகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மீண்டும் எழுதத் தொடங்கினார். முதல் சில மடல்கள் குறுகியவையாக இருந்தன, எழுத எழுத நீண்டன. வசந்தத்தில் ஒரு நாள் அவர் வீட்டு இணைய இணைப்பு நடுவில் அறுந்தது. மறுநாள் நுழைந்தபோது வரைவு காத்திருந்தது, கடைசி வரியில் ஒரு பகுதி மட்டும் குறைந்திருந்தது. தனி டெர்மினல் நிரல் வந்த பிறகு கண்ட்ரோல்-டபிள்யூவும் பலகையை வந்தடைகிறது.

அவருடைய சிக்கலைத் தேடிப் பதிவேட்டைப் புரட்டியபோது இன்னொன்று தெரியவந்தது. இளைய உறுப்பினர் இருவருக்கும் இதே காலத்தில் மடல்கள் தொலைந்திருந்தன. முழு உரையையும் தெரிவுசெய்து நகலெடுக்கக் கண்ட்ரோல்-ஏ அழுத்தியிருக்கிறார்கள். தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, பாதுகாப்புக்காக நகலெடுக்கப் போன அந்த விசையே மடலைக் கைவிடும் கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறது. அவர்கள் இருவரும் முறையிடவில்லை. ஒருவர் மடல் எழுதுவதையே நிறுத்திவிட்டு வாசிப்பதோடு இருந்துவிட்டார். கேட்டபோது, இந்தப் பலகை அப்படித்தான் போலும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

தொலைந்த மடல்களில் சிலவற்றை மூத்தவர் திரும்ப எழுதினார். பனிக்காலத்தில் தடம் பிரிக்கும் இடங்களில் உறையும் பனியை அகற்றியதைப் பற்றிய மடலை மட்டும் எழுதவில்லை. இரண்டு முறை தொலைந்த மடல் அது. மூன்றாவது முறை எழுத மனம் வரவில்லை என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

எடிட்டரை மாற்றும் முன், பழைய எடிட்டரின் விசைகளையும் புதியதன் விசைகளையும் 1 முதல் 26 வரை எதிரெதிரே எழுதிப் பார்ப்பது ஒரு மாலைநேர வேலை. பழையதில் நகர்வாக இருந்து புதியதில் அழிவாக மாறும் விசை எது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அடுத்த மாற்றத்தின்போது முதல் வேலையாக அதைச் செய்வதென்று நடத்துநரும் நானும் எழுதி வைத்திருக்கிறோம்.

பழைய கணக்குகளுக்குப் பழைய விசைத் தொகுதியே தானாக அமைய வேண்டும். புதிதாகச் சேர்பவரிடம் எந்தத் தொகுதி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பதில் பயனில்லை, வேர்ட்ஸ்டார் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். ஒரு சொல் பின்னால் போக எந்த விசையை அழுத்துவீர்கள் என்று கேட்டு, அவர் அழுத்தும் விசையைக் கொண்டு தீர்மானிக்கும் சிறு நிரலை எழுதிவருகிறேன். அது இன்னும் முடியவில்லை. அம்பு விசையை அழுத்துபவர்களை எந்தத் தொகுதியில் சேர்ப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

கைவிடப்பட்ட மடல்களின் பதிவை மாதந்தோறும் பார்ப்பதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. மடலின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை, நீண்ட நேரம் எழுதியபின் கைவிடப்பட்ட அமர்வுகள் உண்டா என்பதை மட்டும் பார்க்கிறோம். இருந்தால் அந்த உறுப்பினருக்கு ஒரு குறிப்பு அனுப்பி, வேண்டுமென்றே கைவிட்டீர்களா என்று கேட்கிறோம்.

பிரவுசர் முனையத்தில் கண்ட்ரோல்-என் இன்றும் புதிய ஜன்னலைத்தான் திறக்கிறது. வேர்ட்ஸ்டார் பழக்கத்தில் அது புதிய வரியைச் செருகும் விசை. உரை தொலைவதில்லை, ஆனால் கவனம் கலைகிறது. முனையப் பக்கத்தின் மேல்வரியில் இந்த விசையையும் தாவல் விசைகளையும் குறிப்பிட்டு, வேர்ட்ஸ்டார் தொகுதியைத் தேர்ந்தவர்கள் தனி டெர்மினல் நிரலைப் பயன்படுத்துமாறு எழுதி வைத்திருக்கிறோம்.